நிலத்துக்குக் கொடுத்த டோக்கன்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைய வரவு: கோட்டுப் பித்தான் ஒன்று, ஈயக் குண்டு இரண்டு, சோடா மூடி ஒன்று. மெஷின் அதிகமாகக் கத்தியது சோடா மூடிக்குத்தான். ஆனாலும் மனசு நிறைந்திருக்கிறது.

வாரம் முழுக்க ஊராருடைய அழுக்குத் துணியோடு மல்லுக்கட்டுகிற எனக்கு ஞாயிறு ஒன்றுதான் விடுதலை. நாத்தனாரின் மேட்டு நிலத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மெட்டல் டிடெக்டரை ஆட்டியபடி நான் முன்னால் போவேன். இவர் மண்வெட்டியோடு பின்னால் வருவார். நான் காலால் காட்டுகிற இடத்தில் தோண்டுவார். கல்யாணத்தன்று யாராவது இதைப் படமாக வரைந்து காட்டியிருந்தால் மனுஷன் பந்தலை விட்டே ஓடியிருப்பார்.

குழியை மூடும் முன் இன்றைக்கும் அந்தக் கூத்து நடந்தது. லாண்டரியின் பழைய பித்தளை டோக்கன் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் குழிக்குள் போட்டார். கம்ப்யூட்டர் பில் வருவதற்கு முன் எங்கள் கடையில் எல்லாம் ஜோடி டோக்கன்தான். ஒரே எண், ஒரே இஸ்திரிப் பெட்டி முத்திரை. ஒன்று துணி கொடுத்தவர் கைக்கு, இன்னொன்று துணியில் பின் குத்த. இப்போது நிலத்துக்கு ஒன்று, எடுத்த பொருளின் கழுத்தில் நூல் கட்டி இன்னொன்று.

"பித்தளைய மண்ணுல கொட்டுறீங்களே, கோமாளித்தனமா இல்ல?" என்றேன், நூறாவது தடவையாக.

"ஒருத்தர்கிட்ட உருப்படி வாங்கிட்டு டோக்கன் குடுக்காம இருந்திருக்கோமா? நிலம்னா மட்டும் இளப்பமா?"

"நிலம் ஒருநாள் டோக்கனத் தூக்கிட்டு வந்து நின்னா?"

"குடுத்துடுவோம். யார் கொண்டு வந்தாலும் குடுக்கணும். அதுதான கடைச் சட்டம்."

நாத்தனாருக்கும் இது பெரிய வேடிக்கை. களை எடுக்கும்போது ஒரு டோக்கன் கிடைத்ததாம். "இனிமே இது என்னோடது அண்ணி" என்று அதைச் சமையலறை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நிலத்தை விற்கப் போகிறாளாம். தேநீர் ஊற்றிக்கொண்டே, சர்க்கரை போதுமா என்று கேட்கிற மாதிரி சொன்னாள். வீடு கட்டி விற்கிற கம்பெனி. மேட்டைச் சமன் செய்து வரிசையாக வீடுகள் வருமாம்.

என் வாயில் தேநீர் இறங்கவில்லை. இவர் தங்கையின் கையைத் தட்டிக்கொடுத்து, "நல்லதா போச்சு" என்றார். நல்லதுதான். மாப்பிள்ளை போன பிறகு அந்தக் காட்டில் தனியாகக் கிடக்கிறாள். மழை பெய்தால் கட்டிலை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. எங்கள் கடைக்கு அடுத்த தெருவில் இருக்கும் மகள் பக்கத்தில் வந்து விட வேண்டும் என்பதுதான் அவள் கனவு. எல்லாம் தெரியும். தெரிந்துதான் தேநீர் இறங்கவில்லை.

பிப்ரவரி 18

மாடி அறையில் போய் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் நல்ல அறை அதுதான், ஆனால் மனிதர்களுக்கு இல்லை. சுவர் முழுக்கத் தட்டுகள். குண்டுகள், பித்தான்கள், பெல்ட் கொக்கிகள், ஒரு கரண்டியின் பாதி. வெயில் பட்டால் பித்தான்கள் கெட்டுவிடும் என்று ஜன்னலைத் திறந்தே பல வருஷம் ஆகிறது.

இருநூறு வருஷத்துக்கு முந்திய போர். ஆற்றுக்கு அந்தக் கரையில் நடந்ததாகப் பாடப்புத்தகம் சொல்கிறது. நினைவுக்கல்லும் அங்கேதான். அங்கே போய் நான் மெஷினை ஆட்டியபோது கிடைத்ததெல்லாம் சிகரெட் பெட்டியின் ஜிகினாக் காகிதம். சண்டை நடந்தது இந்தக் கரையில், இந்த மேட்டில்தான். எனக்குத் தெரியும். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது, அதில் எனக்கு ஒரு திமிர் வேறு இருந்தது.

அந்தத் திமிரை வைத்து இப்போது என்ன செய்ய?

மார்ச் 2, ஞாயிறு

கேட்டே விட்டேன். "மேட்ட மட்டும் விட்டுட்டு மிச்சத்த வித்துக்கோயேன்."

"மேடுதான் அண்ணி அவங்களுக்கு வேணும். அங்கருந்து பாத்தாத்தான் ஆறு தெரியுதாம். கீழ இருக்கறது அவங்களுக்குச் சும்மா ஒட்டு."

அதற்கு மேல் பேசினால் சண்டை வரும் என்று இவர் கண்ணைக் காட்டினார். வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று இவருக்குத்தான் தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

இருக்கிற நாட்களில் எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிடலாம் என்று விடிந்ததும் போனோம். கண்மண் தெரியாமல் தோண்டினோம். மேட்டின் உச்சியில் பழைய குழிகளுக்கு நடுவே இன்னும் இரண்டு பித்தான். வேறொன்றும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. துடைத்தது வேறு யார்? ஞாயிறு தவறாமல் இத்தனை வருஷம் நான்தானே.

வேலிக்கு அந்தப் பக்கம் காந்தம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பழைய சாமான் கடைக்காரன். எங்கே எந்த இடம் இடிபடப் போகிறது என்றாலும் மெஷினோடு முதலில் வந்து ஒட்டிக்கொள்வதால் அந்தப் பெயர். நான் எடுத்ததை வைத்துக்கொள்வேன், அவன் எடுத்ததை விற்றுவிடுவான்.

"என்னக்கா, கடைசிப் பந்தியா?" என்றான்.

"உனக்கு இலை போடல, போ."

சிரித்தான். அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

நல்ல சேதி! வீடு கட்டும் முன் தொல்லியல் ஆய்வு நடக்க வேண்டுமாம், சட்டமாம். ஒரு பெண் அதிகாரியும் நாலு ஆட்களும் வந்து கூடாரம் போட்டிருக்கிறார்கள். முக்கியமாக ஏதாவது கிடைத்தால் மேட்டைத் தொட முடியாது.

நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. படித்தவர்கள், அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். நாத்தனார் முகத்துக்கு முன்னால் நான் கெட்டவளாக நிற்க வேண்டியதும் இல்லை. இன்றைக்கு ஒரு சட்டைக்கு இரண்டு தடவை கஞ்சி போட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 20, வியாழன்

ஒன்றும் கிடைக்கவில்லையாம்.

நாத்தனார் போனில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். "மூலைக்கு மூலை மெஷின வச்சாங்க அண்ணி. கத்துற எடமெல்லாம் தோண்டினா அண்ணன் போட்ட டோக்கன்தான் வருது! அந்தப் பொண்ணு தலையில கை வச்சுக்கிட்டா. நான் சொல்லல, உங்களக் காட்டிக் குடுப்பேனா?"

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. சாப்பிட்டு வழித்து வைத்த தட்டைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் சமைக்கவே இல்லை என்று ஒருத்தி எழுதப் போகிறாள். தட்டை வழித்தது நான். அந்த மேட்டின் மேல் உயிரையே வைத்திருக்கிறவள். வேறு யாராவது செய்திருந்தால் அவர்களைத் திட்டியாவது இருக்கலாம்.

மார்ச் 24, திங்கள்

கடைக்கே வந்துவிட்டாள், அந்த ஆய்வுப் பெண்.

சின்ன வயசு. மண் படிந்த பூட்ஸ், வெயிலில் கறுத்த கழுத்து. என்ன துணி என்று கேட்கப் போன என் முன்னால் ஒரு பையைக் கவிழ்த்தாள். கவுன்ட்டர் முழுக்க எங்கள் டோக்கன்கள், பச்சை பூத்து, மண் ஒட்டி.

"இது உங்க கடையோடதுதானே?"

முத்திரை போட்டதை இல்லை என்றா சொல்ல முடியும்? "ஆமா."

"அந்த நிலத்துக்கு எப்படிப் போச்சு?"

இவர் உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியின் சத்தம் நின்றுபோனது. என் மண்டைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது. அனுமதி இல்லாமல் தோண்டியது இப்போது சட்டப்படி குற்றம். மாடி அறை. போலீஸ். நாத்தனாரின் பத்திரப்பதிவு.

"பில் மெஷின் வந்ததும் பழசெல்லாம் குப்பையில போட்டோம் மேடம். குப்பை உரத்தோட சேந்து அங்க போயிருக்கும்."

எவ்வளவு வழவழப்பாக வந்தது அந்தப் பொய்! அவள் ஒரு டோக்கனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "குப்பைன்னா ஒரே எடத்துல குவிஞ்சு கிடக்கும். இது ஒரு குழிக்கு ஒண்ணா இருக்கு. யாரோ வச்ச மாதிரி."

"தெரியல மேடம்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். கோபமாக இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும், ஏதாவது ஞாபகம் வந்தால் சொல்லுங்கள் என்றாள். டோக்கன்களை அள்ளிக்கொண்டு, ஒன்றை மட்டும் கவுன்ட்டரில் விட்டுவிட்டுப் போனாள்.

இவர் வெளியே வந்து அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மார்ச் 25

ஒரு வெள்ளைச் சட்டையைக் கருக்கிவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

மார்ச் 29, சனி

எழுதவே கை கூசுகிறது.

மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் காந்தம் வந்தான். ஆய்வுக்காரர்கள் கூடாரத்தைக் கழற்றிவிட்டதும் போய்த் தோண்டினானாம். கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினான். பித்தான்கள். மேட்டின் உச்சியில் நாங்கள் எடுத்தோமே, அதே வகை. ஆனால் இவற்றில் துணி ஒட்டியிருந்தது. இத்தனை காலம் மண்ணுக்குள் இருந்தும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு துணுக்கு, தையலோடு.

"நீங்க மேலோட்டமாத் தோண்டிட்டு விட்டுட்டீங்கக்கா. அதே எடத்துல கீழ போனேன். வரிசையா இருக்கு, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு."

எனக்குப் புரியத் தொடங்கியது. புரிய வேண்டாம் என்று இருந்தது. "வேற என்ன இருந்துச்சு?"

"எலும்புதான். அத ஓரமாத் தள்ளிட்டேன்."

தள்ளிட்டேன். காய்ந்த சுள்ளியைச் சொல்வது போலச் சொன்னான்.

"நாளைக்கு வாங்கக்கா, சேந்து எடுப்போம். எப்படியும் புல்டோசர் வந்து அள்ளிட்டுப் போயிரும். சும்மா போறத நாம எடுத்தா என்ன?"

வெளியே போடா என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையில் இருந்த ஹாங்கரை அவன் மேல் எறிந்திருக்கிறேன், இவர் சொல்லித்தான் தெரியும்.

மாலை

மாடியில் இருந்தேன். பித்தான் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

நாள் தவறாமல் கோட்டுக்கும் சட்டைக்கும் பித்தான் தைக்கிறவள் நான். பெரியது முன்பக்கத்துக்கு, சின்னது கைக்கு. இதெல்லாம் கோட்டுப் பித்தான் என்று தெரியாமலா இருந்தது? யாரோ ஓடும்போது அறுந்து விழுந்தது என்று நினைத்தேன். ஒன்று விழலாம், இரண்டு விழலாம். ஒரே இடத்தில் இத்தனையா விழும்? கோட்டைக் கழற்றாமலேயே புதைத்திருக்கிறார்கள். ஏர் பட்டு மேலே வந்ததை நான் பொறுக்கி, பல்பொடி போட்டு விளக்கி, பளபளவென்று அடுக்கி வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டி... ஐயோ, என்ன காரியம் பண்ணியிருக்கேன்! அவங்க மேலயே நின்னுட்டுத் தேநீர் குடிச்சிருக்கோமே. அங்க உக்காந்து சிரிச்சிருக்கோமே.

தட்டைக் கீழே வைக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மேட்டுக்குப் போகவில்லை. இவரிடம் சொன்னேன், எல்லாத் தட்டையும் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போகலாம் என்று.

"காந்தம் தோண்டின எடத்தக் காட்டச் சொல்லு. நாம எதுக்கு?"

"அவன் ஒத்துக்குவானா? குழிய மூடிட்டான். நம்ம தட்டும் அவ கையில இருக்கற டோக்கனும் சேந்தாத்தான் எது எங்க இருந்துச்சுன்னு தெரியும். நீங்க வெளையாட்டாப் போட்டதுதான், அது ஒண்ணுதான் இருக்கு இப்ப."

"அவ என் தங்கச்சி."

"தெரியும்."

"ஒரே தங்கச்சி. வாழ்க்கையில முதல் தடவையா அவளுக்கு ஒரு நல்லது நடக்குது. அத நான் என் கையாலயே..."

முடிக்கவில்லை. கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை, திறக்காத கடைக்கு.

மார்ச் 31

பேச்சு இல்லை. "உப்பு" என்றார். கொடுத்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஒரு கோட்டுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். இவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து அந்த டோக்கனை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒரு வாரமாகப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்.

"கொண்டுவந்து நீட்டினாங்க. நாம இல்லன்னு சொல்லி அனுப்பிட்டோம்" என்றார். "இந்தக் கடையில அப்படி நடந்ததே இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆனா முதல்ல அவகிட்டச் சொல்லிட்டுத்தான் போகணும். முதுகுக்குப் பின்னால வேண்டாம்."

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் போனோம். நாத்தனார் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். பாதி வீடு பெட்டிக்குள் போயிருந்தது. நானே சொன்னேன், எலும்பு வரைக்கும்.

கையில் இருந்த டம்ளரைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே இருந்தாள். சுற்றி முடித்த பிறகும் சுற்றினாள்.

"இத்தன வருஷம் என் நிலத்துல தோண்டுனீங்க. ஒருநாள் முகம் சுளிச்சிருப்பேனா?"

"இல்ல."

"செத்து எத்தனையோ காலம் ஆனவங்களுக்காகத் துடிக்கிறீங்க. நான் உயிரோட இருக்கேன். இந்த மழைக்கும் கட்டில நகத்திக்கிட்டு இங்கயே கெடன்னு சொல்றீங்க. அவ்வளவுதான?"

"அப்படி இல்லம்மா..." என்றார் இவர்.

"அப்படித்தான் அண்ணா." அவரை மட்டும்தான் பார்த்தாள். "போங்க. போய்ச் சொல்லுங்க. நான் தடுத்தா நிறுத்தவா போறீங்க?"

கிளம்பும்போது வழக்கம்போல் வாசல் வரை வரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

தட்டுகளை லாண்டரி வண்டியில் ஏற்றினோம். துணி வெளுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது போலத்தான் இருந்தது.

ஆய்வு அலுவலகம் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பொய் சொன்னேன் என்று முதலில் சொன்னேன். பிறகு காந்தம் கண்ட எலும்பைச் சொல்லித் தட்டைத் திறந்தேன். நூலில் கட்டிய டோக்கனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி டோக்கனை.

"ஜோடியா?" என்றாள். குரலே மாறிவிட்டது.

"ஜோடி."

ஓடிப்போய் ஒரு பெரிய வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தாள். குப்பையாகவே இருந்தாலும் எடுத்த இடத்தைக் குறிக்காமல் விடக் கூடாதாம், அவர்கள் வேலையில் அது பழக்கமாம். படம் முழுக்கச் சின்னப் புள்ளிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் டோக்கன் எண். நான் தட்டிலிருந்து எண்ணைப் படித்தேன். இவர் பொருளைச் சொன்னார். அவள் புள்ளிக்கு மேல் நிறம் தீட்டினாள். சுட்டு எதிலோ பட்டு நசுங்கிய குண்டுக்குச் சிவப்பு, சுடாமலே தவறி விழுந்த முழுக் குண்டுக்கு நீலம், பித்தானுக்குக் கறுப்பு.

சிவப்பு எல்லாம் மேட்டுச் சரிவில் ஒரு கோடாக வந்தது. நீலம் கீழே இன்னொரு கோடு. கறுப்பு மட்டும் உச்சியில், ஒரு அறையளவு இடத்தில், நெருக்கி நெருக்கி.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். பிறகு அவள்தான், "நாங்க டோக்கன் வந்ததோட நிறுத்திட்டோம், அதுக்குக் கீழ போகல" என்றாள், தனக்குத்தானே.

எழுதிக் கையெழுத்து வாங்கினாள். தோண்டியது குற்றம்தான், நாங்களாக வந்ததைச் சேர்த்து எழுதுவாளாம், மற்றதை மேலிடம் முடிவு செய்யும் என்றாள். தட்டுகளும் மெஷினும் அங்கேயே.

வெறும் வண்டி வழியெல்லாம் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது.

ஏப்ரல் 10

எழுபத்திரண்டாம் எண்ணுக்கு மட்டும் படத்தில் புள்ளி இல்லை என்று போன் வந்தது. அது நாத்தனார் சமையலறை ஆணியில் தொங்குகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியாது என்றேன். இனிப் பொய்யே சொல்வதில்லை என்று முடிவு செய்து முழுசாகப் பத்து நாள் ஆகவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

மேட்டின் உச்சியைத் திறந்துவிட்டார்கள். இதுவரை ஏழு பேர். பக்கத்தில் பக்கத்தில், தோளோடு தோள். காந்தம் கிளறிய ஒருவரைத் தவிர மற்றவர்கள் அப்படியே இருக்கிறார்கள்.

அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒருவருடைய பல் வரிசை அவ்வளவு அழகு. இருபது வயசு கூட இருக்காது என்றாள். மார்பின் மேல் பித்தான் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அவை என் தட்டில் இருந்தவை. எந்த எண் என்று கூடச் சொல்ல முடியும் எனக்கு.

ஏப்ரல் 22

கம்பெனி விலகிக்கொண்டது. இனி அந்த மேட்டில் யாரும் ஒரு செங்கல் வைக்க முடியாது.

நினைத்தது நடந்துவிட்டது. ஜெயித்தவளுக்கு ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

ஏப்ரல் 24, வியாழன்

கடையில் நாலு பேர் இருக்கும்போது வந்தாள். நாத்தனார். முழங்கால் வலியோடு பஸ் மாறி வந்திருக்கிறாள். வரிசையில் நின்றாள். முன்னால் வரச் சொன்னேன், வரவில்லை. தன் முறை வந்ததும் கைப்பையைத் திறந்து எழுபத்திரண்டாம் எண் டோக்கனைக் கவுன்ட்டரில் வைத்தாள்.

"யார் டோக்கன் கொண்டுவந்தாலும் உருப்படியத் திருப்பிக் குடுக்கறதுதான உங்க கடைச் சட்டம்?"

எண்ணைப் பார்த்தேன்.

"என் நிலத்தக் குடு."

அண்ணி என்று சொல்லவில்லை. வாங்க போங்க என்றும் இல்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், கத்துவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. அவள் மெதுவாகத்தான் கேட்டாள். இவர் உள்ளிருந்து ஓடி வருவதற்குள் திரும்பி நடந்துவிட்டாள். டோக்கன் கவுன்ட்டரிலேயே கிடந்தது.

பின்னால் நின்ற டீச்சர் அம்மா, "ஏதாவது துணி தொலஞ்சு போச்சா?" என்று கேட்டார்.

மே 6

எச்சரித்து விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை. மெஷின் திரும்ப வராது. போகட்டும், இனி அதைக் காதில் மாட்ட என்னால் முடியாது.

டோக்கன் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கண்ணில் படுகிறது. வேறு இடத்தில் வைக்கலாம். வைக்கவில்லை.

மே 18, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. மாடி அறைக்குப் போனேன். வெறும் சுவர். தட்டு இருந்த இடத்தில் எல்லாம் வெளுத்த சதுரங்கள். நடுவில் நின்று பார்த்தால் எவ்வளவு பெரிய அறை! இத்தனை வருஷம் இங்கே இரும்பையும் பித்தளையையும் குடிவைத்திருந்தோம். அங்கே ஒருத்தி கட்டிலை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஏன் இது அன்றைக்கே தோன்றவில்லை? மேட்டைக் கேட்கத் தெரிந்த வாய்க்கு, "எங்ககூட வந்து இரு" என்று சொல்லத் தெரியவில்லையே.

கீழே வந்து இவரிடம் சொன்னேன். "வர மாட்டா" என்றார். பிறகு, "சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம்?" என்றார்.

மே 21

நானே போனேன். கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்று சொன்னேன். கீழ்நிலத்தைச் செடி வளர்க்கிற ஒருவர் குத்தகைக்குக் கேட்கிறார், மேட்டைத் தொட வேண்டாம், இவர் விசாரித்து வைத்திருக்கிறார் என்றேன். மாடி அறை காலி என்றேன். மகள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம் என்றேன்.

"பரிகாரமா?"

"இல்ல. உருப்படி கேட்டு டோக்கன் வச்சுட்டுப் போன. நிலத்தத் திருப்பிக் குடுக்க என்னால முடியாது. என்கிட்ட இருக்கறது இதுதான்."

கதவைச் சாத்திக்கொண்டாள். படாரென்று இல்லை.

மே 30

பதில் இல்லை. வெள்ளை அடித்தாயிற்று.

ஜூன் 11

நாத்தனாரின் மகள் வந்து கேட்டுவிட்டுப் போனாள். "அம்மா ஒழுகாத கூரையான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

ஒழுகாது என்று சொன்னேன். நிறைய சொல்ல வேண்டும் போல இருந்தது. ஒழுகாது என்று மறுபடி சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

பெட்டிகள் வந்தன. கட்டில் மாடிப்படியில் திரும்ப மாட்டேன் என்று அடம் பிடித்தது. இவர் ஒரு முனை, நாத்தனாரின் மருமகன் ஒரு முனை, நான் வாய்.

நாத்தனார் நேராக என் முன்னால் வந்தாள். கை நீட்டினாள், சாவிக்கு. அந்த எழுபத்திரண்டைச் சாவியோடு வளையத்தில் கோர்த்து வைத்திருந்தேன். பார்த்தாள். கழற்றி என் மூஞ்சியில் எறிவாள் என்றுதான் நினைத்தேன். இறுக்கி மூடிய கையோடு படி ஏறிப் போனாள்.

கீழே நானும் இவரும் மூச்சு விடாமல் நின்றோம். மேலே பெட்டி நகரும் சத்தம். கட்டில் நகரும் சத்தம், ஒரே ஒரு தடவை. பிறகு ஒன்றுமில்லை. நாளைக்குத் தர வேண்டிய சட்டைகளை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனேன்.

"அண்ணி! என்ன ஜன்னல் இது, தொறக்கவே மாட்டேங்குது?"

இவர் எழுந்தார். உட்காருங்க என்றேன். சுத்தியலை எடுத்துக்கொண்டு நானே ஏறினேன்.